மலைத்தோட்டத்தில் விளக்குப்பொறி: அந்துப்பூச்சிகளைப் பிடித்து, எண்ணி, எழுதி, விடுவது

அந்துப்பூச்சி என்றதும் அரிசி டப்பாவைத் திறந்தால் பறக்கும் சாம்பல் நிறப் பூச்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நெல்லில் விழும் அந்த ஒன்றின் பெயரைத்தான் மொத்தக் கூட்டத்துக்கும் வைத்திருக்கிறோம். கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ கோடை மழை விட்ட ஓர் இரவு வாசல் விளக்கை அணைக்க மறந்துவிட்டுக் காலையில் சுவரைப் பார்த்தால் அந்தப் பெயர் போதாது என்று தெரியும். உள்ளங்கை அகலத்தில் ஒன்று ஒட்டியிருக்கும், அரிசி அளவில் முப்பது இருக்கும், பாசி படிந்த இடத்தில் பாசியாகவே தெரியும் சிலதும் இருக்கும்.

இவற்றைக் கொல்லாமல் பிடித்து, எண்ணி, எழுதிவிட்டு விடுவதற்கு ஒரு வாளியும் ஒரு விளக்கும் போதும். பிடிப்பது சுலபம். ஒரே பொறியை ஒரே இடத்தில் ஒரே மாதிரி வைத்து, ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி எழுதி வருவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கீழே சொல்லும் அளவுகள் பெரும்பாலும் அதை மனதில் வைத்துச் சொல்பவை.

பொறி செய்வது

20 லிட்டர் பெயின்ட் வாளி சரியான அளவு. பெயின்ட் வாடை இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்து வைக்கவும். வாளியின் மூடியில் வட்டமாக வெட்டி, டீசல் ஊற்றப் பயன்படும் பெரிய பிளாஸ்டிக் புனலை அதில் உட்கார வைக்க வேண்டும். புனலின் மேல்வாய் 25 செ.மீ. இருக்கட்டும். கீழ்க்குழாயை அறுத்துவிட்டு, துளை 5 முதல் 6 செ.மீ. வருமாறு விடவும். அதைவிடச் சிறிதாக இருந்தால் பருந்து அந்துப்பூச்சிகள் உள்ளே போக முடியாமல் இறக்கையைத் தேய்த்துக்கொள்ளும். பெரிதாக விட்டால் உள்ளே போனவை விடிவதற்குள் வெளியே வந்துவிடும். புனலின் உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கீறல் விழுந்த புனலில் பூச்சிக்குக் கால் பிடிக்க இடம் கிடைத்துவிடும்.

புனலுக்கு மேலே விளக்கு செங்குத்தாக நிற்கும். அதைச் சுற்றி 3 மி.மீ. தடிமனுள்ள, நிறமில்லாத அக்ரிலிக் பட்டைகள் மூன்று, சம இடைவெளியில். ஒவ்வொன்றும் 30 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம். இந்தப் பட்டைகள் அலங்காரமல்ல. பறக்கும் பூச்சி எப்போதும் தன் முதுகை வெளிச்சமான பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெளிச்சமான பக்கம் என்றால் அதற்கு வானம்தான். அருகில் ஒரு விளக்கு எரிந்தால் அதையே வானம் என்று எண்ணி முதுகைச் சாய்க்க, பாதை வளைந்து விளக்கைச் சுற்றத் தொடங்குகிறது. விளக்குக்கு மேலாகப் பறந்துவிட்டால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. அதிவேகக் கேமராக்கள் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2024இல் இதைத் தெளிவாகக் காட்டியது. சுற்றிக்கொண்டே இருக்கும் பூச்சி கண்ணுக்குத் தெரியாத பட்டையில் மோதிப் புனலில் விழ வேண்டும் என்பதுதான் கணக்கு. பட்டை இல்லாத பொறியில் பூச்சிகள் சுற்றிச் சுற்றிப் பக்கத்துச் செடியில் போய் உட்கார்ந்துவிடும்.

வாளியின் அடியில் 5 மி.மீ. துளைகள் ஏழெட்டுப் போட்டு, உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள். மலை மழையில் இது இல்லாத பொறி காலையில் ஒரு வாளித் தண்ணீர்தான். விளக்குக்கு மேலே 10 செ.மீ. இடைவெளி விட்டு, 40 செ.மீ. அகலத்தில் நிறமில்லாத பிளாஸ்டிக் தட்டு ஒன்று கூரையாக வேண்டும். கறுப்புக் கூரை போட்டால் மேலே இருந்து வருகிறவைக்கு விளக்கு தெரியாது.

உள்ளே முட்டை அட்டை. 30 முட்டை அடுக்கும், காகிதக் கூழில் செய்த அட்டைதான் வேண்டும். பிளாஸ்டிக் அட்டை வழுக்கும், ஈரத்தையும் உறிஞ்சாது. பாதியாக வெட்டி ஐந்தாறு துண்டுகளை நிமிர்த்தி, விரல் நுழையும் இடைவெளியில் நிறுத்துங்கள். அடியில் ஓர் ஓட்டுத்துண்டு வைத்துத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தினால் அட்டை ஊறாது. புனலின் கீழ்த்துளைக்கும் அட்டைக்கும் நடுவே நான்கு விரல் இடம் விடவும், இல்லாவிட்டால் அட்டையையே ஏணியாக்கி ஏறி வெளியேறும். இருட்டுக் குழி கிடைத்த பூச்சி அதில் ஒடுங்கி அசையாமல் இருக்கும், அட்டை இல்லாத வாளியில் இரவு முழுவதும் படபடத்து இறக்கைச் செதிலையெல்லாம் உதிர்த்துவிடும். அடையாளம் காணவேண்டிய நேரத்தில் கையில் இருப்பது கண்ணாடித்தாள் போன்ற இறக்கையும் தூளும்தான். மழைக்காலத்துக்கு இரண்டு செட் அட்டை வேண்டும். பூஞ்சை பிடித்ததை எரித்துவிடுங்கள்.

எந்த விளக்கு

அந்துப்பூச்சிக்கு நன்றாகத் தெரியும் வெளிச்சம் புற ஊதாப் பக்கம், 365 நானோமீட்டரை ஒட்டி. பேக்கரிகளில் ஈ பிடிக்க மாட்டியிருக்கும் நீல விளக்குப் பெட்டியின் ட்யூப் அந்த வகைதான். எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் தருவித்துக் கொடுப்பார்கள். 8 வாட் ட்யூப் ஓர் அடி நீளம், வாளிப் பொறிக்குப் பொருந்தும். 15 வாட் ட்யூப் ஒன்றரை அடி, அதற்குப் பட்டைகளையும் உயரமாக வெட்ட வேண்டும். கள்ளநோட்டு பார்க்கும் கருவியில் இருக்கும் கரு ஊதா நிற ட்யூபும் வேலை செய்யும், அக்கம்பக்கத்தாரின் கண்ணையும் உறுத்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தண்ணீர் சுத்திகரிப்பான்களிலும் கிருமி நீக்கும் பெட்டிகளிலும் வரும் ட்யூப் வேறு. அது 254 நானோமீட்டர், கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். ஈ விளக்கு ட்யூபின் கண்ணாடி உள்ளே வெள்ளைப் பூச்சோடு பால் நிறத்தில் இருக்கும். கிருமி நீக்கும் ட்யூபின் கண்ணாடி பளிங்கு மாதிரி உள்ளே இருப்பது தெரியும். தெளிந்த கண்ணாடி ட்யூபை எந்தக் கடைக்காரர் என்ன சொல்லிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சரியான ட்யூப் என்றாலும் அருகில் நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

எல்இடி வாங்குவதானால் அலைநீளம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘யூவி’ என்று விற்கும் மலிவான ஸ்ட்ரிப் பெரும்பாலும் 395 முதல் 405 வரை, கண்ணுக்கு ஊதாவாகப் பிரகாசமாகத் தெரியும். பூச்சிகள் வரும், ஆனால் 365 உள்ளதற்கு வருகிற அளவு வராது. பழைய ஆட்கள் பெருமையாகச் சொல்லும் 160 வாட் பாதரச விளக்கு பெரும் கூட்டத்தை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சூடேறிய அதன் கண்ணாடியில் குளிர்ந்த மழைத்துளி பட்டால் வெடிக்கும். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் ஆறி மறுபடி எரியச் சில நிமிடம் எடுக்கும். மலையில் இரவு எத்தனை முறை மின்சாரம் கண் சிமிட்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ட்யூப் எரிய ஆரம்பித்த தேதியை அதன் ஓரத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். கண்ணுக்கு அதே வெளிச்சம் தெரிந்தாலும் புற ஊதா மெல்லக் குறைந்துகொண்டு வரும். ட்யூப் மாற்றிய நாளைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். அந்த வாரம் எண்ணிக்கை திடீரென்று ஏறினால் காரணம் பூச்சியா ட்யூபா என்று பின்னால் குழம்ப வேண்டியிருக்காது.

கரண்ட்

230 வோல்ட் வயரை ஈரப்புல்லில் இழுப்பது வேண்டாம். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரை வராந்தாவுக்குள் பிளக்கில் வைத்து, 12 வோல்ட் வயரை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுபோவது நல்லது. 6 முதல் 10 வாட் எல்இடிக்கு இது தாராளம். ட்யூபுக்கு 230 வோல்ட்தான் வேண்டுமென்றால் வீட்டில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும், சோக்கும் இணைப்புகளும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் நுழையுமுன் வயரைக் கீழ்நோக்கித் தொய்யவிட்டு மேலே ஏற்றுங்கள். வயரோடு ஓடிவரும் மழைநீர் தொய்வின் அடியில் சொட்டிவிடும். மூடுபனி நாளிலும் இது வேண்டும், மழையே இல்லாமல் வயர் நனையும் ஊர் இது.

பேட்டரி என்றால் கணக்குப் பாருங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தம் 84 வாட்-மணி. 8 வாட் விளக்குக்குப் பத்து மணி நேரம் வரும் என்று காகிதத்தில் தெரியும். ஆனால் ஈய-அமில பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்தால் சீக்கிரம் கெட்டுப்போகும், குளிரில் கொள்ளளவும் குறையும். விடியும் வரை எரிய வேண்டுமென்றால் அதைப் போல இரண்டு மடங்கு பேட்டரி வேண்டும். பவர்பேங்கில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் போன் நிறைந்துவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். ஓர் இரவு வீட்டுக்குள்ளேயே எரியவிட்டுச் சோதித்த பிறகு வெளியே வையுங்கள்.

எங்கே வைப்பது

தெருவிளக்கு, பக்கத்து வீட்டுக் காவல் விளக்கு, காட்டேஜ்களின் அலங்கார விளக்கு எதுவும் நேராகப் படாத மூலை. உங்கள் விளக்கும் அடுத்தவர் படுக்கையறை ஜன்னலையோ கொண்டை ஊசி வளைவையோ பார்க்கக் கூடாது. சரிவான தோட்டமானால் அடிப்பள்ளத்தைத் தவிர்த்து நடுச்சரிவில் வையுங்கள். இரவில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும். ஊட்டியில் உறைபனி முதலில் வெளுக்கும் இடங்களைப் பார்த்தாலே இது தெரியும், அங்கே பூச்சி பறக்காது. சோலையின் ஓரம், பழைய வேலி, புதர் பக்கத்தில் இருந்தால் வகை கூடும்.

வாளிக்கு அடியில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். தென்னிந்தியாவின் அட்லஸ் அந்துப்பூச்சி, வால் நீண்ட பச்சை நிலா அந்துப்பூச்சி போன்ற பெரியவை புனலுக்குள் நுழையாது, வேட்டியில்தான் வந்து உட்காரும். பொறியை முக்காலி மேல் வைத்தால் கால்களில் கிரீஸ் தடவுங்கள். எறும்பு ஏறிவிட்டால் காலையில் வாளியில் மிஞ்சுவது இறக்கைகள் மட்டும்.

இரவில் அடிக்கடி எழுந்துபோய்ப் பார்க்கும் ஆசையை அடக்கவேண்டியிருக்கும். கொடைக்கானலிலும் குன்னூரிலும் காட்டெருமை வீட்டுத் தோட்டத்துக்குள் வருவது சாதாரணம், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். பொறி வராந்தாவிலிருந்து டார்ச் அடித்தால் தெரியும் தூரத்தில் இருக்கட்டும், சுற்றிலும் பார்த்துவிட்டுப் படியிறங்குங்கள். பழத்தோலையோ சர்க்கரைப் பாகையோ பூச்சிக்கு ஆசைகாட்டித் தோட்டத்தில் வைப்பது இந்த ஊர்களில் கரடியையும் பன்றியையும் கூப்பிடுவதாகும்.

இவ்வளவும் சொந்த வீட்டுத் தோட்டத்துக்குச் சொல்வது. முதுமலை, முக்குறுத்தி, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் என எந்த வனப்பகுதியானாலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஒரு வேட்டியும் டார்ச்சும் கொண்டுபோய்க் கட்டக் கூடாது.

எந்த இரவு

கேலண்டரைப் பார்த்துத் திதி எழுதும் பழக்கம் இதற்கு நன்றாகக் கைகொடுக்கிறது. நிலா வெளிச்சத்தில் பொறியின் இழுப்பு குறையும். பௌர்ணமிக்கு முன்பின் நான்கு நாள் வானம் தெளிந்திருந்தால் வாளி ஏமாற்றும், மேகம் மூடியிருந்தால் அவ்வளவு மோசமில்லை. அஷ்டமியைப் பொறுத்தவரை எந்தப் பிறை என்று எழுதாவிட்டால் பயனில்லை. வளர்பிறை அஷ்டமியில் நள்ளிரவை ஒட்டி நிலா மறைந்துவிடும், பின்னிரவு இருட்டு. தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவை ஒட்டித்தான் நிலா எழும், முன்னிரவு இருட்டு. நாட்காட்டித் தாளைக் கிழித்தவுடன் அந்த வரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனாலும் அமாவாசைகளாகப் பார்த்துப் பொறி வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு கிழமையை முடிவுசெய்து, நல்ல இரவோ கெட்ட இரவோ அதே கிழமையில் வையுங்கள். நிலா மாதம் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் என்பதால் எல்லாத் திதியும் தானாகவே மாறி மாறி வந்துவிடும். ஒன்றும் விழாத இரவுக்கும் ‘பூஜ்யம்’ என்று ஒரு வரி உண்டு. ஜனவரியில் ஊட்டியில் அப்படிப்பட்ட வரிகள் நிறைய வரும். பொறி வைக்காத வாரத்துக்குப் பூஜ்யம் போடக் கூடாது, ‘வைக்கவில்லை’ என்று எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் ஐந்து வருஷத்துப் பதிவேடும் வீண்.

ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்குப் பின் வரும் வெதுவெதுப்பான, காற்றில்லாத இரவுகள் உச்சம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் கொட்டத் தொடங்கிவிடும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைதான் கனம். விடாது பெய்யும் இரவில் பொறியை வராந்தா இறவாரத்துக்குக் கீழே நகர்த்தத் தோன்றும். இடம் மாற்றினால் கணக்கும் மாறிவிடும், அன்று வைக்காமல் விடுவதே நல்லது.

முதல் மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பினால் வாளி நிரம்பிவிடும். எட்டரை மணிவாக்கில் அடங்கிய பிறகு விளக்கைப் போடலாம். தாமதித்த நேரத்தை மட்டும் எழுதி வையுங்கள். சாண வண்டும் வேர்ப்புழு வண்டும் மொத்தமாக வந்து உள்ளே உருண்டால் அந்துப்பூச்சிகளை மிதித்து நாசமாக்கும். அப்படிப்பட்ட இரவில் பத்து மணிக்கு ஒருமுறை வண்டுகளை அள்ளி வெளியே போடுவது தவிர வழியில்லை.

மலைத்தேனீக்கள் நிலா வெளிச்சத்தில் பறக்கக்கூடியவை, விளக்குக்கும் வரும். நாலைந்து வந்துவிட்டாலே விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். இன்னொன்று, சிவப்பும் கறுப்பும் மாறி மாறி எறும்பு போல நீண்ட, ஒரு செ.மீ.கூட இல்லாத வண்டு. கழுத்தில் ஊர்ந்தால் தட்டி நசுக்கக் கூடாது, ஊதித் தள்ள வேண்டும். நசுங்கினால் அதன் சாறு பட்ட இடம் மறுநாள் தீப்புண் போலக் கொப்புளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவவும்.

காலை வேலை

விடிவதற்கு அரைமணி நேரம் முன்பே போய்விட வேண்டும். செம்மீசைச் சின்னான், அதாவது நம் கொண்டைக்குருவி, மைனா, கரிச்சான் மூன்றும் பொறி இருக்கும் இடத்தை இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்ளும். ஆறரைக்கு எழுந்து போனால் வேட்டியில் இறக்கைகள்தான் கிடக்கும்.

வாளியை உடனே திறக்காதீர்கள். முதலில் காலடி. புல்லில், வேட்டியின் மடிப்புக்கு அடியில், சுவரில், பக்கத்துச் செடியின் இலைக்கு அடியில் என்று மூன்று மீட்டர் சுற்றளவில் தேடுங்கள். பொறிக்கு வந்தவற்றில் கணிசமான பங்கு உள்ளே விழாமல் வெளியேதான் இருக்கும். இவற்றைத் தனிப் பத்தியில் ‘வெளி’ என்று எழுத வேண்டும். உள்ளே விழுந்ததோடு கூட்டிவிட்டால், ஒருநாள் நன்றாகத் தேடியதும் ஒருநாள் சோம்பியதும் பூச்சியின் ஏற்ற இறக்கமாகத் தெரியும்.

பிறகு விளக்கை அணைத்து, வாளியை நிழலுக்குக் கொண்டுவந்து, மூடியைச் சாய்த்து, முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாக மெல்லத் தூக்குங்கள். குளிரில் பெரும்பாலானவை அசையாது. அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்து எண்ணி, ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் நிற்க வையுங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதினால் பாதி நேரத்தில் முடியும். வெயில் ஏறிவிட்டால் உடல் சூடாகிப் பறக்க ஆரம்பிக்கும். பருந்து அந்துப்பூச்சி பறக்குமுன் சிறிது நேரம் இறக்கையை நடுக்கிச் சூடேற்றிக்கொள்ளும், நடுக்கம் தெரிந்தால் முதலில் அதைப் படமெடுங்கள்.

முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது. வாளிக்குள் மிதக்கும் செதில் தூள் பலருக்குத் தும்மலும் மூச்சிறைப்பும் தரும். உடம்பெல்லாம் மஞ்சள் ரோமம் மூடியவை சிலவற்றின் ரோமம் அரிக்கும். கையால் பிடிக்காமல் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் தாளைச் செருகி எடுங்கள்.

பெயர் தெரியாததை மட்டும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அரைமணி நேரம் வைக்கலாம். ஃபிரீசரில் வைக்காதீர்கள். டப்பாவுக்குள் ஒரு துண்டு காகிதம் போடுங்கள், இல்லாவிட்டால் வேர்த்து இறக்கை ஒட்டிக்கொள்ளும். நிலா அந்துப்பூச்சிக்கும் அட்லஸுக்கும் உண்ண வாயே இல்லை, புழுவாக இருந்தபோது சேர்த்ததை வைத்து ஒரு வாரம் பத்து நாள்தான் வாழ்வு. அவற்றை விருந்தாளிக்குக் காட்ட இரண்டு நாள் வைத்திருப்பது நியாயமில்லை, படம் எடுத்த கையோடு விட்டுவிடுங்கள்.

படமெடுக்கும்போது மேலிருந்து நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பின்னிறக்கை தெரிந்தால் அதற்கும் ஒன்று. பக்கத்தில் 5 மி.மீ. கட்டம் போட்ட தாள் இருந்தால் அளவு பின்னால் தெரியும். கடிகாரம் சரியாக உள்ள போன் போதும். ஃபிளாஷ் போட்டால் செதில் மினுங்கி நிறம் பொய் சொல்லும், நிழல் வெளிச்சமே நல்லது.

விடும் இடம் பொறியிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி, அடர்ந்த புதரின் உள்ளே. அட்டையோடு அப்படியே செருகிவிட்டு மாலையில் காலி அட்டையை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரவுகளில் பொறி வைத்தால் அதே பூச்சிகளையே திரும்ப எண்ணிக்கொண்டிருப்போம்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை

இரவுக்குத் தேதி போடுவதில்தான் முதல் குழப்பம். விளக்குப் போட்ட மாலையின் தேதியையும் காலையின் தேதியையும் சேர்த்து ‘23–24’ என்று எழுதுங்கள், மாதமும் வருடமும் முழுதாக. இடத்துக்கு ஊர்ப் பெயர் போதாது. அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்தில் நான்கு இலக்கம் வரை எழுதினால் 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும். கடல்மட்ட உயரம் கட்டாயம். கூடலூருக்கும் ஊட்டிக்கும் சாலையில் ஐம்பது கிலோமீட்டர்தான், உயரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம், பூச்சிகளும் வேறு. ‘நீலகிரி’ என்று மட்டும் எழுதிய பதிவு யாருக்கும் உதவாது.

அதன்பின் விளக்கின் வகையும் வாட்டும், போட்ட நேரம், அணைத்த நேரம், நடுவில் மின்சாரம் போயிருந்தால் எவ்வளவு நேரம், இரவின் குறைந்த வெப்பநிலை, மழை, மூடுபனி, காற்று, திதி. வெப்பநிலைக்குப் போனில் வரும் எண் வேண்டாம், அது உங்கள் தோட்டத்து எண் அல்ல. குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைத்திருக்கும் வெப்பமானியை நிழலில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் மாட்டுங்கள். பக்கத்து உருளைக்கிழங்குக் காட்டிலோ தேயிலையிலோ அந்த வாரம் மருந்து அடித்திருந்தால் அதையும் ஒரு சொல்லில் குறித்துவிடுங்கள்.

பூச்சிக்கு வரி இப்படி (பெயர் வைக்கும் முறை அடுத்த பகுதியில்):

அக்ரோடிஸ் இப்ஸிலான் — உள் 6, வெளி 1 — எண்ணியது — படம் 0412
கிளியோரா, இனம் தெரியவில்லை — உள் 3, வெளி 0 — எண்ணியது — படம் 0415 முதல் 0417
கோ-காவடி-07 — உள் 1, வெளி 2 — எண்ணியது — படம் 0420
கிராம்பிடே, சிறியவை — உள் 40, வெளி தேடவில்லை — மதிப்பீடு

எண்ணியதா மதிப்பிட்டதா என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். ‘நிறைய’ என்று எழுதினால் எழுதியவருக்கே அடுத்த வருஷம் அர்த்தம் தெரியாது. நோட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும், பனி பட்டால் பேனா மை பரவிவிடும். கணினியில் ஏற்றும்போது ஓர் இரவு, ஓர் இனம், ஒரு வரி. தேதியைக் கணினி தன்னிஷ்டத்துக்கு நாளும் மாதமும் மாற்றிப்போடும் என்பதால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியாக வையுங்கள். அறிவியல் பெயரை ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி எழுதுங்கள், ஓர் எழுத்து பிசகினால் கணினிக்கு அது வேறு பூச்சி.

பெயர் காண்பது

முதலில் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பாருங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம். நான்கு இறக்கையையும் சுவரோடு விரித்து ஒட்டவைத்தாற்போல் இருந்து, உடம்பு ஒல்லியாக இருந்தால் ஜியோமெட்ரிடே, காவடிப்புழுக்களின் குடும்பம். ஓட்டுக்கூரை போல இறக்கையைச் சரித்து, தடித்த உடம்போடு இருந்தால் நாக்டூயிடே, வெட்டுப்புழு வகைகள் இதில்தான். போர் விமானம் மாதிரி பின்னோக்கிச் சாய்ந்த குறுகிய இறக்கை என்றால் ஸ்பிங்கிடே, பருந்து அந்துப்பூச்சி. முக்கோணமாக, நீண்ட காலில் எழும்பி, முன்னால் மூக்கு நீட்டினாற்போல் இருந்தால் கிராம்பிடே. ஆங்கில டி எழுத்து போலக் குச்சி இறக்கை நீட்டினால் டெரோஃபோரிடே. முன்னங்கால் இரண்டையும் ரோமக் காலுறை போட்டாற்போல் முன்னால் நீட்டியிருப்பவை கம்பளிப்பூச்சிகளில் ஒரு பிரிவின் பெற்றோர், இன்று எரெபிடேக்குள் அடங்குகின்றன.

குடும்பம் தெரிந்தபின் குறிகளுக்கு வரலாம். மேலே மாதிரியில் எழுதிய அக்ரோடிஸ் இப்ஸிலான் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் நாற்றை அடியோடு வெட்டும் புழுவின் தாய். பழுப்பு முன்னிறக்கையில் சிறுநீரக வடிவப் புள்ளி ஒன்று, அதன் வெளிப்பக்கம் கறுப்பு ஈட்டிமுனை ஒன்று இறக்கை விளிம்பை நோக்கிக் குத்தும். பின்னிறக்கை முத்து வெண்மை, நரம்பு மட்டும் பழுப்பு. இந்த மூன்றும் படத்தில் தெரிந்தால் பெயரை எழுதலாம். ஈட்டி தேய்ந்துபோன பழைய பூச்சியானால் ‘அக்ரோடிஸ்’ என்பதோடு நிறுத்துங்கள்.

முதுகில் மண்டையோடு வரைந்த அந்துப்பூச்சி வாளிக்குள் கீச்சிட்டால் பயப்பட வேண்டாம். தொந்தரவு செய்தால் அது அப்படித்தான் கத்தும், கடிக்காது, கொட்டாது. தேன்பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது பழக்கமான திருடன். இங்கே அதில் இரண்டு இனம் வரலாம். பின்னிறக்கையின் அடியில் பெரிய கறுப்புத் திட்டு இருந்தால் லாகெசிஸ், அடி மஞ்சளாகவே இருந்து இரண்டு கறுப்புப் பட்டைகள் மட்டும் ஓடினால் ஸ்டிக்ஸ். இறக்கை மூடிய படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க மாத்ஸ் ஆஃப் இந்தியா தளமும், பதிவேற்ற ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் தளங்களும் இருக்கின்றன. ஆப் தானாகச் சொல்லும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். தென்னிந்திய மலை இனங்களுக்குப் படங்கள் குறைவாக இருந்தால், அதிகப் படம் உள்ள வேறு ஊர்ப் பூச்சியின் பெயரை அது நீட்டும். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் இந்த மாவட்டத்து அந்துப்பூச்சிகளை 1891இலேயே படங்களோடு தொகுத்துவிட்டார். அதற்குப்பின் 1892 முதல் 1896 வரை இந்தியா முழுமைக்கும் நான்கு தொகுதிகள் எழுதினார். இணையத்தில் அவை கிடைக்கின்றன, வரைபடங்கள் இன்றும் உதவும். ஆனால் அதில் உள்ள பேரினப் பெயர்களில் நிறைய மாறிவிட்டன, சில குடும்பங்களே இன்று இல்லை. பெயரை அங்கிருந்து நேராக நோட்டுக்கு எடுக்காமல், இன்றைய பட்டியலில் ஒருமுறை சரிபார்த்து எழுதுங்கள்.

சில பேரினங்களை இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். கொல்லாமல் பதிவு செய்கிறவர்களுக்கு அந்தக் கதவு மூடியது, பேரினத்தோடு நின்றுவிடலாம். எதுவுமே பிடிபடாததற்கு மாதிரியில் உள்ள ‘கோ-காவடி-07’ மாதிரி ஊர், குடும்பம், வரிசை எண் சேர்த்து ஒரு சங்கேதப் பெயர் வையுங்கள். அதே பூச்சி மறுபடி வந்தால் அதே எண். அதற்கென்று போனில் ஓர் ஆல்பம் இருந்தால் ‘இது ஏழா, பன்னிரண்டா’ என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று வருஷம் கழித்து யாராவது பெயர் சொன்னால், கணினியில் அந்த எண்ணை ஒரே தடவையில் மாற்றிவிடலாம். நோட்டில் மட்டும் பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதுப் பெயரையும் மாற்றிய தேதியையும் எழுதுங்கள். சொன்ன பெயரும் தவறாகப் போனால் திரும்பி வர வழி வேண்டும்.